ஐரோப்பாவில் எது நாடு, எது சர்ச்சைக்குரிய பகுதி? பட்டியல் போடும் முறை

ஐரோப்பாவில் எத்தனை நாடுகள் என்று தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 44 என்று வரும், இன்னொரு இடத்தில் 50 என்று வரும். இரண்டுமே சரியாக எண்ணப்பட்டவைதான், எண்ணிய விதிதான் வேறு. வரைபடம் வரைய, வினாடி வினா நடத்த, எக்செல்லில் தகவல் திரட்ட என எதற்காகப் பட்டியல் போட்டாலும், விதியை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பெயர்களைத் தொடுங்கள்.

படி 1: எல்லையைத் தீர்மானியுங்கள்

ஐ.நா. புள்ளியியல் பிரிவு சைப்ரஸ், துருக்கி, ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் ஐந்தையும் மேற்கு ஆசியாவில் வைக்கிறது. அந்தக் கணக்கில், வத்திக்கானையும் சேர்த்து, ஐரோப்பாவுக்கு 44 வரும். ஆனால் இதே ஐந்து நாடுகளும் ஐரோப்பிய கவுன்சிலில் (Council of Europe, இது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பு) உறுப்பினர்கள். சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இருக்கிறது. இந்த ஐந்தோடு, நிலத்தில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குள் வரும் கஜகஸ்தானையும் கூட்டினால் 50.

என்னைக் கேட்டால், இந்த ஐந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். விட்டுவிட்டால் சைப்ரஸிலிருந்து பிரிந்த வட சைப்ரஸ், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா பற்றிய கேள்வியே எழாது. பட்டியலின் சிக்கலான பகுதி அங்கேதான் இருக்கிறது.

படி 2: ஐ.நா. உறுப்பினர்களைத் தனியே எடுங்கள்

இது சுலபம். ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள். உங்கள் எல்லைக்குள் வருபவற்றை அப்படியே 'நாடு' என்று குறியுங்கள். வத்திக்கான் உறுப்பினர் அல்ல, பார்வையாளர். அதையும் நாடாகவே வைக்கலாம், அதன் இறையாண்மையை யாரும் மறுப்பதில்லை. உறுப்பினரானால்தான் நாடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்து ஐ.நா.வில் சேர்ந்ததே 2002இல்தான்.

படி 3: சார்புப் பகுதிகள்

பரோயே தீவுகள் டென்மார்க்கைச் சேர்ந்தவை. ஜெர்சி, குவெர்ன்சி, மேன் தீவு ஆகியவை பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் உள்ளவை, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. இவற்றுக்குத் தனி வகை கொடுங்கள். ஸ்காட்லாந்துக்கு இதில் இடமில்லை, அது ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜிப்ரால்டர் பிரிட்டனின் சார்புப் பகுதி. அதற்கு ஸ்பெயின் உரிமை கோருவதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 4: 'நாடா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியைக் கைவிடுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். இதை மட்டும் பார்த்தால் மால்டோவாவிலிருந்து பிரிந்த டிரான்ஸ்னிஸ்திரியாவும் கிட்டத்தட்டத் தேறிவிடும். 1990இல் தனியாகப் பிரிந்ததாக அறிவித்தது. அதன் தலைநகர் திராஸ்போலில் அதற்கென்று அரசு இருக்கிறது, சொந்த ரூபிள் பணமும் இருக்கிறது. ஆனாலும் ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஒன்றுகூட அதை அங்கீகரிக்கவில்லை. அங்கே படை வைத்திருக்கும் ரஷ்யாகூட அங்கீகரிக்கவில்லை.

ஆகவே ஒரே கேள்விக்குப் பதிலாக நான்கு தலைப்புகள் போடுங்கள்: ஆள்வது யார், உரிமை கோருவது யார், அங்கீகரித்தது யார், எந்தத் தேதி நிலவரம். டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நேரே 'திராஸ்போல் நிர்வாகம், மால்டோவா, ஐ.நா. உறுப்பினர் யாருமில்லை' என்று வரும், கடைசியில் தேதி. 1983இல் தன்னை நாடாக அறிவித்த வட சைப்ரஸுக்கு அங்கீகாரம் துருக்கி மட்டும். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா, தெற்கு ஒசேஷியா இரண்டையும் 2008 ரஷ்யா-ஜார்ஜியா போருக்குப் பின் ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் அங்கீகரித்தன.

கொசோவோவை நிதானமாக நிரப்புங்கள். 2008 பிப்ரவரி 17 அன்று செர்பியாவிலிருந்து சுதந்திரம் அறிவித்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளும் ஏற்றுக்கொண்டன. ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஏற்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் ஏற்கவில்லை. அங்கீகரித்த நாடுகள் மொத்தம் எத்தனை என்பதே தகராறு. சில நாடுகள் பின்வாங்கிவிட்டதாக செர்பியா சொல்கிறது, கொசோவோ மறுக்கிறது. அதனால் எண்ணிக்கை எழுதினால் அது யார் சொன்ன எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று. 2010இல் சர்வதேச நீதிமன்றம் கொசோவோவை நாடு என்று தீர்ப்பளித்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அந்தச் சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்ற ஆலோசனைக் கருத்தைத்தான் நீதிமன்றம் சொன்னது. கொசோவோ நாடா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

படி 5: கிரிமியாவை இந்த வகையோடு கலக்காதீர்கள்

கொசோவோ தன்னைத் தனி நாடு என்கிறது. கிரிமியாவின் நிலை வேறு: ஒரு நாட்டின் நிலத்தை இன்னொரு நாடு பிடித்து வைத்திருக்கிறது. 2014 மார்ச்சில் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. அதே மாதம் ஐ.நா. பொதுச்சபை உக்ரைனின் எல்லைகளை உறுதிசெய்து 100 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேற்றியது. எனவே உக்ரைனுக்குக் கீழே உட்பிரிவாக வைத்து, 'ஆள்வது: ரஷ்யா' என்று எழுதுங்கள். ரஷ்யாவின் கட்டுப்பாட்டை எழுதாமல் விட்டால் தகவல் பொய்யாகிவிடும். ரஷ்யாவின் நிலம் என்று எழுதினால் ஆக்கிரமிப்புக்கு நாமே பட்டா கொடுத்தது போலாகும்.

படி 6: தேதி போடாமல் வெளியிடாதீர்கள்

அசர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் தனி நிர்வாகம் நடத்திவந்த பகுதி நாகோர்னோ-கராபாக். 2023 செப்டம்பரில் அதை அசர்பைஜான் ராணுவம் முழுமையாகத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அங்கிருந்த தனி நிர்வாகம் 2024 ஜனவரி 1 அன்று கலைக்கப்பட்டது. இப்படிப்பட்ட பதிவை அழித்துவிடாதீர்கள். முடிவுத் தேதியை எழுதி, தற்போது ஆள்வது அசர்பைஜான் என்று திருத்தி, பட்டியலிலேயே வைத்திருங்கள். அங்கிருந்து வந்தவர்களின் பிறந்த ஊரைத் தேடுபவருக்கு அந்த வரி தேவைப்படும்.