கீரை ஸ்மூத்திக்கு பிளெண்டர் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஸ்மூத்தியில் கீரை திப்பி திப்பியாக நின்றால், பலரும் வாட் அதிகமுள்ள மெஷினைத் தேடுகிறார்கள். வாட் முக்கியம்தான். ஆனால் கீரை மையாக அரைபட, அது திரும்பத் திரும்ப பிளேடுக்கு வந்து சேர வேண்டும். கப்பின் வடிவம், பிளேடு, ஊற்றும் தண்ணீர் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அதிகம் ஏமாறுவது யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் குட்டி பிளெண்டரில். பெட்டியில் போட்டிருக்கும் 4000 எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு மட்டுமே. அரைக்கும் பலம் அதில் தெரியாது. வாழைப்பழமும் பாலும் அதில் நன்றாக அடிபடும். முருங்கைக்கீரையோ ஐஸ் கட்டியோ போட்டால் பல மாடல்களில் பிளேடு திணறி நின்றுவிடும். தினமும் கீரைதான் என்றால் கரண்டில் ஓடும், 400 முதல் 600 வாட் வரையுள்ள மெஷினே சரி.

கடையில் பிளேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு இதழ் மட்டும் தட்டையாக இருந்தால் அது உலர்பொடிக்கானது. கீரைக்கு நான்கு இதழாவது வேண்டும். அதில் இரண்டு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பிளேடு முனைக்கும் கப் சுவருக்கும் இடையே அகன்ற இடைவெளி இருந்தால் இலை அங்கே ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். பிளேடைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர் தனியே கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். வராத வாஷருக்கு அடியில் கீரைத்தூள் தங்கி, சில நாளில் நாற்றமும் பூஞ்சையும் வரும்.

கப் அளவிலும் கணக்குப் பிசகும். 600 மிலி கப்பில் 600 மிலி அரைக்க முடியாது. சுமார் 400 மிலி வரைதான் நிரப்பலாம். அதற்கு மேல் போட்டால் சுழல இடமில்லாமல் கீரை மேலேயே நிற்கும், வாஷர் வழியாகவும் கசியும். இருவருக்குச் சேர்த்து அடிப்பதானால் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜாரே போதும், தனி மெஷின் தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் பிளெண்டரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், பிளக் அடாப்டர் வைத்து நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது, மோட்டார் கருகும்.

நல்ல மெஷினையும் கெடுப்பது அரைக்கும் முறை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திணிக்கக் கூடாது. தண்டு நீக்கிய பசலைக்கீரை ஒரு கைப்பிடி, தண்ணீர் 150 மிலி. இதை மட்டும் முதலில் 30 நொடி ஓட்டுங்கள். பிறகு வாழைப்பழம் பாதி, ஐஸ் இரண்டு கட்டி போட்டு இன்னொரு 30 நொடி. மோட்டார் சூடாகியிருந்தால் ஆறவிட்டுத்தான் அடுத்த சுற்று. சூடான பால், வெந்நீர் எதையும் ஊற்றாதீர்கள்: கப் இறுக மூடியிருப்பதால் ஆவி அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் தெறிக்கும்.

முதலில் தேய்வது வாஷரும், மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் கப்ளரும்தான். அவை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று பில் போடும் முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு மாடல் பாருங்கள்.