வேலூர் கோட்டை, வேலூர் பஸ், ஆம்பூர் பிரியாணி: அறிவை வலையாகக் கட்டுவது எப்படி?

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நின்று "வேலூர் பஸ் போயிடுச்சா?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. வேலூருக்குப் போகும் பஸ்ஸைத்தான் கேட்கிறோம். "வேலூர் கோட்டை" என்றால் வேலூரில் இருக்கும் கோட்டை. "ஆம்பூர் பிரியாணி" என்றால் ஆம்பூரில் இருக்கும் பிரியாணி இல்லை, ஆம்பூர் பக்குவத்தில் சீரகச் சம்பா அரிசி போட்டுச் செய்தது. காட்பாடியில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அது ஆம்பூர் பிரியாணிதான்.

மூன்றிலும் ஓர் ஊர்ப்பெயர், பக்கத்தில் இன்னொரு சொல். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாம் மனசுக்குள் நிரப்பிக்கொள்கிறோம். கணினிக்கு அது முடியாது, நாம்தான் எழுதித் தர வேண்டும். தெரிந்த செய்திகளைப் பெயர்களாகவும் அவற்றை இணைக்கும் உறவுகளாகவும் கணினிக்குப் புரியும்படி எழுதி வைப்பதைத்தான் அறிவை வலையாகக் கட்டுவது என்கிறேன். பள்ளியில் 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று படித்து, அதை விரித்து எழுதினோமே, அறிவை வலையாகக் கட்டும் வேலையில் பாதி அதுதான். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சின்னச் சின்ன வாக்கியங்கள்

தெரிந்த விஷயங்களை எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும். "1806 ஜூலை 10 அன்று வேலூர் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்" என்பதில் நாள் ஒன்று, இடம் ஒன்று, செய்தவர்கள் ஒன்று என மூன்று செய்திகள் இருக்கின்றன. மூன்றாக உடைத்துவிடுங்கள். "கோட்டை அழகானது" போன்ற கருத்துகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 2: மூன்று துண்டு

ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி எழுதுங்கள்: எதைப் பற்றிச் சொல்கிறோம், என்ன உறவு, எதோடு உறவு.

ஜலகண்டேஸ்வரர் கோயில் → உள்ளே இருக்கிறது → வேலூர் கோட்டை
வேலூர் கோட்டை → உள்ளே இருக்கிறது → வேலூர் நகரம்
வேலூர் நகரம் → உள்ளே இருக்கிறது → வேலூர் மாவட்டம்
சிப்பாய்ப் புரட்சி → நடந்த இடம் → வேலூர் கோட்டை
சிப்பாய்ப் புரட்சி → நடந்த நாள் → 1806 ஜூலை 10
ஆம்பூர் பிரியாணி → பக்குவத்துக்குரிய ஊர் → ஆம்பூர்
ஆம்பூர் → உள்ளே இருக்கிறது → திருப்பத்தூர் மாவட்டம்

இதே மூன்று துண்டு வடிவத்தைத்தான் இணையத்துக்கான தர அமைப்பான டபிள்யூ3சி 1999இல் ஆர்.டி.எஃப் என்ற பெயரில் பரிந்துரையாக வெளியிட்டது. எக்செல்லில் செய்வதென்றால் மூன்று நெடுவரிசை போதும்.

படி 3: வரையுங்கள்

பெயர்களுக்கு வட்டம், உறவுக்கு அம்பு. ஒரே பொருளுக்கு ஒரே வட்டம்தான் போட வேண்டும். 'வேலூர் கோட்டை' மேலே இரண்டு வரியில் வலது பக்கத்திலும் ஒரு வரியில் இடது பக்கத்திலும் வருகிறது. தாளில் அது ஒரே வட்டம். கோயிலிலிருந்து ஓர் அம்பு அங்கே வந்து சேரும், புரட்சியிலிருந்து இன்னொன்று வந்து சேரும். கோயிலையும் புரட்சியையும் சேர்த்து நாம் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை, ஆனாலும் கோட்டை வழியாக இரண்டும் இணைந்துவிட்டன. எனக்கு இந்த வேலையில் ஆசை வந்தது இந்த இடத்தில்தான்.

படி 4: விதி

இப்போது ஒரே ஒரு விதி சேர்ப்போம். ஒன்று இரண்டாவதன் உள்ளே, இரண்டாவது மூன்றாவதன் உள்ளே என்றால், முதலாவது மூன்றாவதன் உள்ளே. இதை வைத்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று கணினி தானாகச் சொல்லிவிடும். நாம் அதை எழுதவே இல்லை.

சரி, இதே விதி தப்பாகவும் போகும். நான் முதலில் கட்டியபோது எல்லா அம்புக்கும் 'ஊர்' என்று ஒரே பெயர் வைத்தேன். கோட்டை → ஊர் → வேலூர். பிரியாணி → ஊர் → ஆம்பூர். பஸ் → ஊர் → வேலூர். பார்க்கச் சுத்தமாக இருந்தது. விதியை ஓட்டியதும், காட்பாடியில் என் இலையில் இருந்த பிரியாணி திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதாக விடை வந்தது. குடியாத்தத்தில் நிற்கும் பஸ் வேலூருக்குள் போய்விட்டது. வட்டங்களில் பிழை இல்லை, அம்பின் பெயரில்தான் பிழை. 1960களில் ராஸ் குவில்லியன் போன்ற ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வலைகளைக் கணினியில் கட்டத் தொடங்கினார்கள். 1975இல் வில்லியம் வுட்ஸ் ஒரு கட்டுரையில் இந்த அம்புகளுக்கு உண்மையில் என்ன பொருள் என்று கேட்டார். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அம்புக்குப் பெயர் வைப்பதில் செலவிடுங்கள், வீணாகாது.

'ஒரு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். "வேலூர் கோட்டை ஒரு கோட்டை", "கோட்டை ஒரு கட்டுமானம்". இரண்டிலும் 'ஒரு'தான். ஆனால் முதலாவது தனிப்பொருளை அதன் வகையில் சேர்க்கிறது, இரண்டாவது ஒரு வகையைப் பெரிய வகைக்குள் வைக்கிறது. இவற்றுக்குத் தனித்தனி அம்பு வேண்டும். வகைக்குச் சொன்னது கீழே இறங்கும், மேலே ஏறாது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து எல்லாக் கத்தரிக்காய்க்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

படி 5: பெயரும் காலமும்

பரமத்தி வேலூரை அந்தப் பக்கத்துக்காரர்கள் வெறும் வேலூர் என்றே சொல்வார்கள். அது நாமக்கல் மாவட்டம். பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஊரும் ஒரே வட்டத்தில் விழுந்துவிடும். அதனால் வட்டத்துக்கு ஓர் எண் கொடுங்கள், பெயரை அதன்மேல் ஒட்டும் சீட்டாக வையுங்கள். விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமாக 2012இல் தொடங்கிய விக்கிதரவு என்ற தரவுத்தளம் இப்படித்தான் செய்கிறது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் 'க்யூ' எழுத்தோடு ஓர் எண் உண்டு.

அப்புறம் காலம். "ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது" என்பது 2019 வரை சரி. அந்த ஆண்டு மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. பழைய வரியை அழிக்க வேண்டாம், பழைய ஆவணங்களைப் படிக்க அது தேவைப்படும். அந்த வரிக்கே ஓர் எண் கொடுத்து அதையும் ஒரு வட்டமாக்குங்கள். அதிலிருந்து 'முடிந்த ஆண்டு → 2019' என்று ஓர் அம்பு போடுங்கள். அதற்கு முன்பே, வேலூர் இருந்த எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டமும் 1989இல் இரண்டாகப் பிரிந்ததால், இந்த ஒரு வசதி இல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றி எந்த வலையும் உருப்படியாக நிற்காது.

படி 6: கேள்வி

மூன்று துண்டில் ஒன்றை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி போடுங்கள்.

? → நடந்த இடம் → வேலூர் கோட்டை

வலையில் பொருந்தும் வட்டம்தான் பதில்: சிப்பாய்ப் புரட்சி. இப்படிப்பட்ட வலைகளிடம் கேள்வி கேட்க உதவும் ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியின் அடிப்படையும் இதுதான். பதில் வராவிட்டால் 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். நாம் இன்னும் எழுதாமல் இருக்கலாம்.

இந்த மூன்றையும் நீங்களே விரித்து வரைந்து பாருங்கள்: ஆற்காடு மக்கன் பேடா, ஆரணிப் பட்டு, காட்பாடி ரயில். கடைசி ஒன்றுக்கு, கேட்பவர் எந்த ஊரில் நிற்கிறார் என்பதற்கும் ஒரு வட்டம் வேண்டியிருக்கும்.