ஊர்காவற்றுறைக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிற நம்மவர்கள் நயினாதீவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. பண்ணைப் பாலத்தால் போய், வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் படகேறி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். வேலணையில் பாதை பிரிந்து போகிற ஊர்காவற்றுறைப் பக்கம் வாகனம் திரும்புவதே இல்லை. இத்தனைக்கும் அந்த ஊரைப் பற்றிய கல்வெட்டு ஒன்று அம்மன் கோயிலிலேயே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் சரிபாதி. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை, அதனால்தான் இந்தச் சலுகையாக இருக்கும். ஊராத்துறை என்பதுதான் இன்றைய ஊர்காவற்றுறை. நம் பெரியவர்கள் சொல்கிற ‘கயிட்ஸ்’ போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர். அவர்கள் மொழியில் ‘காய்ஸ்’ என்றால் கப்பல் வந்து அணையும் துறை.

காலையில் வெள்ளெனப் புறப்படுங்கள். வழியில் அல்லைப்பிட்டி வரும். 1977இல் அங்கே சொங் வம்ச காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளைத் தோண்டி எடுத்தார்கள். இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது எய்ரிக் கோட்டையின் இடிபாடு. போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் வந்தபின் கைவிட்டுவிட்டார்கள். ‘பழைய கோட்டை எங்கே’ என்று கேட்டுப் போங்கள், ஆங்கிலப் பெயரைச் சொல்லி அலைய வேண்டாம். எஞ்சி நிற்கிற சுவருக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறை. கடலுக்குள் உயிரோடு இருந்த காலத்துச் சின்னச் சின்னக் கண்கள் தேன்கூடு மாதிரி இன்னும் தெரியும். சுவரில் ஏற மட்டும் விடாதீர்கள், சுண்ணாம்புச் சாந்து உதிர்கிற நிலையில் இருக்கிறது. செருப்பை விடச் சப்பாத்து நல்லது.

பிறகு இறங்குதுறைக்கு வாருங்கள். எதிரே நடுக்கடலில் மிதக்கிற மாதிரித் தெரிவதுதான் கடற்கோட்டை. இதையும் கட்டியவர்கள் போர்த்துக்கேயர்தான். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களைத் தோற்கடித்தது தண்ணீர்த் தாகம். அவர்கள் நன்னீர் சேமித்து வைத்திருந்த மரத்தொட்டி பீரங்கிச் சூட்டில் உடைந்துபோக, சரணடைவதைத் தவிர வழியிருக்கவில்லை. ஒல்லாந்தர் இதற்கு வைத்த பெயர் ‘ஹாமன்ஹீல்’, பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது! நமக்கு மாங்காயாகத் தெரிவது அவர்களுக்கு இறைச்சியாகத் தெரிந்திருக்கிறது, என்ன செய்வது.

கோட்டை இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போக விரும்பினால் காரைநகர்ப் பக்கமிருந்து அவர்களுடைய படகில்தான் போக வேண்டும். முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் அந்தப் போர்த்துக்கேயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுப்பகுதிக் கிணறுகள் பலவும் உவர்தான். வெயிலோ உச்சியைப் பிளக்கும், நிழலுக்குப் பனைமரத்தை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும். வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சில்லறையாக ரூபாய் வைத்திருங்கள், சின்னக் கடைகளில் வங்கி அட்டை எடுக்க மாட்டார்கள்.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டாம். இறங்குதுறையிலிருந்து காரைநகருக்கு ‘பாதை’ ஓடுகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ரோட்டென்று நினைத்துவிடுவார்கள். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவை அது. கடற்கோட்டையை இன்னொரு கோணத்திலிருந்து பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பழுதாகி நிற்கிற நாட்களும் உண்டு என்பதால் காலையிலேயே கேட்டு வையுங்கள். வான் வண்டியில் வந்தவர்கள் சாரதியைச் சுற்றி வரச் சொல்லிவிட்டு ஆட்கள் மட்டும் ஏறுவது நல்லது. காரைநகரில் இறங்கினால் பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம். பஸ்தான் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று பாதையில் கூட வருகிற யாரிடமாவது கேளுங்கள், ‘நீங்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக.