ஒரு புற்றுநோய் போன பிறகு இன்னொன்றைத் தேடுவது எப்படி

அப்பாவுக்குக் கன்னப் புற்றை அறுத்தெடுத்தாயிற்று. ஆனாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றையும் நான் விடாமல் கண்காணிக்கிறேன். புகையிலையும் சாராயமும் பட்ட உள்சவ்வு பரவலாகவே கெட்டிருக்கும். வேறோர் இடத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கலாம். அது பழையது பரவியதல்ல. 1953-லேயே மருத்துவர் ஸ்லாட்டரின் குழுவினர் இதை எழுதிவிட்டார்கள்.

வாரம் ஒருநாள் வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து நாக்கின் ஓரம், அடிப்பக்கம், கடைவாய் பாருங்கள். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மூன்று வாரமாகியும் ஆறாத புண், குரல் கம்மல், ஒரு காதில் மட்டும் வலி என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உணவுக்குழாய் டார்ச்சுக்கு எட்டாது. சோறு இறங்கத் தண்ணீர் கேட்கிறாரா, இட்லியை விட்டுக் கஞ்சிக்கு மாறிவிட்டாரா என்று கவனியுங்கள். ("வயசாச்சும்மா" என்பார், நம்பாதீர்கள்.) எண்டோஸ்கோபியின்போது (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனை) லூகால் அயோடின் என்ற சாயக் கரைசலைத் தெளிப்பார்களா என்று கேளுங்கள். நல்ல சவ்வு பழுப்பாகும். சந்தேகமான இடம் சாயம் ஏறாமல் வெளிறி நிற்கும். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு கோளாறோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் அந்த விவரத் தாளையும் எடுத்துப் போங்கள். புதிதாகப் புற்று தெரிந்தால், அதே பகுதியில் மறுபடி கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று முடிவெடுக்க அது வேண்டும்.