கை தூக்காத குழந்தையும் நாவல் பத்தி பேசணுமா? ஆன்லைன் டிஸ்கஷன் இப்படி நடத்திப் பாருங்க

மூணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் உள்ள பசங்களுக்கு வகுப்புல ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமா படிக்க வைக்கிற டீச்சர்களுக்காக எழுதுறேன். ஒரு அத்தியாயம் முடிஞ்சு கேள்வி கேட்டா எப்பவும் அதே நாலு கைதான் மேல போகும், மத்தவங்க அந்த நாலு பேர் சொல்றத கேட்டுட்டு புத்தகத்தை மூடிடுவாங்க. அவங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சுடாதீங்க, யோசிக்க நேரம் கிடைக்கல அவ்ளோதான். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே இதை எழுதி வச்சிருக்காங்க: டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட் போலத்தான் காத்திருக்காங்க, அதையே 3 செகண்டுக்கு மேல நீட்டினா பதில் நீளமாகுது, அதிகமா பேசாத பசங்களும் பேச ஆரம்பிக்கிறாங்க. கேள்வியை ஆன்லைன்ல போட்டு, பசங்க வீட்லேர்ந்து எழுதிப் பதில் சொல்ற டிஸ்கஷன்ல அந்த 3 செகண்ட் ஒரு முழு சாயங்காலமா ஆகிடுது, எனக்கு இதுல முக்கியமே அதுதான்.

டூல் எதுன்னு ரொம்ப மண்டைய உடைக்க வேணாம். கூகுள் கிளாஸ்ரூம் ஏற்கனவே இருந்தா அதுலயே கேள்வி போடுற வசதி இருக்கு, பசங்க ஒருத்தருக்கொருத்தர் பதில் எழுதலாம்னு ஆன் பண்ணி விட்டா போதும். அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, தன் பதிலைக் கொடுத்த பிறகுதான் மத்தவங்க எழுதினது தெரியும், அதனால காப்பி அடிக்க வழியில்ல. இன்னும் சின்னப் பசங்களா இருந்தா பேட்லெட் சுலபம், சுவர்ல சீட்டு ஒட்டுற மாதிரி இருக்கும், டைப் பண்ண கஷ்டப்படுற குழந்தை குரலைப் பதிவு பண்ணிப் போடலாம், நீங்க ஓகே சொன்னாத்தான் போஸ்ட் தெரியணும்னு செட்டிங்கும் வச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் வகுப்புக்கு வெளிய யாரும் பாக்க முடியாதபடி பூட்டுங்க, முழுப் பேர், போட்டோ எதுவும் வேணாம், பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கிடுங்க. நிறைய டூல்கள்ல 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தனி விதி இருக்கு, அதையும் ஒரு தடவ படிச்சுடுங்க.

இப்போ கேள்வி. "இந்த அத்தியாயத்துல என்ன நடந்துச்சு"ன்னு போட்டா இருபது பேரும் ஒரே பதில்தான் எழுதுவாங்க, அதுல பேச என்ன இருக்கு? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற கேள்வியா இருக்கணும், பதில் சொல்ல திரும்பப் புத்தகத்தைப் புரட்டியே ஆகணும். என் வகுப்புல ஒரு கதை, அதுல ஒரு பையன் நாய்க்குட்டியை ஒளிச்சு வச்சுட்டு அம்மாகிட்ட பொய் சொல்றான். "அவன் பொய் சொன்னது சரியா? எந்த வரியைப் படிச்சப்போ உங்களுக்கு அப்படித் தோணுச்சு?"ன்னு போட்டேன். முதல்ல எல்லாரும் "தப்பு, பொய் சொல்லக்கூடாது"ன்னு வரிசையா எழுதிட்டாங்க. ராத்திரி ஒரு பொண்ணு, வகுப்புல வாயே திறக்காது, இப்படி எழுதியிருந்துச்சு: "அம்மா முன்னாடி பூனையை வெளிய விட்டாங்கன்னு 12ம் பக்கத்துல இருக்கு, அதான் பயந்துட்டான்". அவ்ளோதான், அதுக்குக் கீழ ஒன்பது பதில், பாதிப் பேர் 12ம் பக்கத்தை மறுபடி எடுத்துப் படிச்சுட்டு வந்து தன் கருத்தை மாத்தியிருந்தாங்க.

"சூப்பர்", "நானும் அதே" மட்டும் எழுதறது கண்டிப்பா வரும். அதுக்குத் திட்டாதீங்க, எப்படி எழுதணும்னு யாரும் அவங்களுக்குக் காட்டினதில்ல. முதல் வாரம் ஆன்லைனே வேணாம், பேப்பர் சீட்டுல எழுதி சுவர்ல ஒட்டி, ஒருத்தர் சீட்டுக்குக் கீழ இன்னொருத்தர் பதில் எழுதட்டும். "நீ சொன்னதுல எனக்குப் பிடிச்சது...", "ஆனா எனக்கு வேற மாதிரி தோணுது, ஏன்னா...", "இது எந்தப் பக்கத்துல இருக்கு?" இந்த மூணு தொடக்கத்தையும் கொடுத்தா போதும், ரெண்டு மூணு நாள்ல கை வந்துடும்.

எழுத்துப் பிழையைத் திரெட்ல, அதாவது ஒரு கேள்விக்குக் கீழ வரிசையா வர்ற பதில்கள்ல, திருத்தாதீங்க, ப்ளீஸ். ஒரு குழந்தையோட பதிலை எல்லார் முன்னாடியும் திருத்தினா அது அடுத்த தடவை எழுதவே எழுதாது. அதே மாதிரி நீங்களும் சீக்கிரமா உள்ள வந்து பதில் சொல்லிடாதீங்க, டீச்சர் சொன்னதும் அதுதான் சரின்னு பேச்சு நின்னுடும், தேவைப்பட்டா இன்னொரு கேள்வி மட்டும் போட்டுட்டு விலகிடுங்க. ஒருத்தர் மனசு நோகுற மாதிரி யாராவது எழுதிட்டா மட்டும் உடனே எடுத்துட்டு அந்தக் குழந்தைகிட்ட தனியா பேசுங்க.

முன்னாடியே படிச்சு முடிச்சவங்க முடிவைப் போட்டு உடைச்சுடுவாங்க, அதனால மூணு அத்தியாயத்துக்கு ஒரு திரெட்னு பிரிச்சு தலைப்புலயே அத்தியாய நம்பரைப் போடுங்க. வீட்ல போனோ நெட்டோ இல்லாத பசங்க இருந்தா வேலையை வகுப்பு நேரத்துலயே வச்சுக்கோங்க, இதுல ஒருத்தர்கூட விடுபடக்கூடாது.

மறுநாள் வகுப்பை நேத்து வந்த ஒரு பதிலோட ஆரம்பிங்க, அதை எழுதின குழந்தையே வாசிக்கட்டும், விருப்பமில்லன்னா நீங்க வாசிங்க. நான் அந்த 12ம் பக்கப் பதிலைத்தான் வாசிச்சேன், அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுட்டே கேட்டுச்சு, அடுத்த அத்தியாயம் முடிஞ்சப்போ மேல போன கைகள்ல ஒண்ணு அதோடது. நாவல் முடிஞ்சதும் திரெட் முழுசையும் பிடிஎஃப்பா எடுத்து வச்சுக்கோங்க, நிறைய டீச்சர்கள் நம்பியிருந்த எட்மோடோங்கிற ஆன்லைன் வகுப்புத் தளத்தையே 2022ல மூடிட்டாங்க, பசங்க எழுதினது உங்க கையில ஒரு காப்பி இருக்கட்டும்.