நலிந்த நகரத்தை மீட்டெடுக்கும்போது மத்திய அமைப்புகளும் உள்ளாட்சிகளும் செய்யக்கூடாத தவறுகள்

கட்டடம் எழுப்பப் பணம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறும் அதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950-களின் நடுவில் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு எழுந்தது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. கட்டும் செலவுக்கு மத்திய அரசு கைகொடுத்தது. பராமரிப்பை மட்டும் உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு வாடகைப் பணத்திலேயே சமாளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தை விட்டு மக்கள் வெளியேறினார்கள். வீடுகள் காலியாக, வாடகை வரவும் சரிந்தது. லிஃப்ட்டை மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும்படி அமைத்திருந்தார்கள். அதுவும் பழுதானால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதுதான். சரிசெய்யக் காசில்லை. 1972-இல் இடிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் மொத்தத்தையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பத்து வருடம் கழித்து பம்ப் பழுதானால் பில் யார் பெயருக்கு வரும்?

அடுத்தது, உள்ளாட்சியை ஒதுக்கிவிட்டு வேலையை நடத்துவது. இந்தியாவில் 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்களுக்கும் தனித்தனி நிறுவனம் அமைத்தார்கள். மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் அதில் சம பங்கு. ஆனால் முடிவுகள் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் போய்விட்டன, வார்டு உறுப்பினர்களை யாரும் கேட்பதில்லை என்று பல நகரங்களில் குறை எழுந்தது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்ற அக்கறை நியாயமானதுதான். ஆனால் சாக்கடை அடைத்தால் மக்கள் அந்த வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறார்கள். வடிகால் எங்கே போகிறது என்றே தெரியாத அவர் என்ன பதில் சொல்வார்?

எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் 1949 வீட்டுவசதிச் சட்டப்படி, பழைய பகுதிகளை வாங்கி இடித்து நிலத்தைக் காலிசெய்யும் நிகரச் செலவில் (நிலத்தை விற்று வந்த பணம் போக மிச்சத்தில்) மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நகரங்களும் இடித்துத் தள்ளின. பழுதுபார்த்தாலே போதும் என்றிருந்த தெருக்களும் அதில் போயின.

மானியம் பெற ஊர் தன் பக்கம் போட வேண்டிய பங்குத்தொகையை எல்லா ஊருக்கும் ஒன்றாகவே வைப்பதும் சரிவராது. ஏழை நகராட்சியால் தன் பங்கைக் கட்ட முடியாது; மானியம் வசதியான ஊருக்கே போய்ச் சேரும். ஜெர்மனியில் 1971 முதல் நகரப் புதுப்பிப்புச் செலவுக்கு மத்திய அரசு, மாநிலம், நகராட்சி மூன்றும் பொதுவாக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு போடுகின்றன. நிதி நெருக்கடியில் தவிக்கும் நகராட்சிக்கு அந்தப் பங்கைக் குறைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். இதை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், வாய்ப்பேச்சை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஒப்புக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போனால் பேச்சும் அவரோடு போய்விடும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்துவிடுங்கள்.