மலைக்குளிருக்கு ஆட்டுக்கால் சூப்: விசிலை எண்ணாதீர்கள்

மதுரையில் அம்மா ஆட்டுக்கால் சூப்பை எட்டு விசிலில் இறக்கிவிடுவார். கொடைக்கானலுக்குக் குடிவந்த புதிதில் நானும் அந்தக் கணக்கைத்தான் நம்பினேன். திறந்து பார்த்தால் தண்ணீர் தனியாக, கால் தனியாகக் கிடந்தது. தோலைக் கடித்தால் ரப்பராக இழுத்தது. அரைநாள் வேலை வீணாய்ப் போன வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. எலும்பு வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கர் கட்டாயம் வேண்டும். அதற்குள்ளும் சூடு சமவெளியைவிடச் சற்றுக் குறைவுதான். ஆகவே விசிலை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்.

நான்கு பேருக்கு நான்கு கால்கள் கொண்ட ஒரு செட் போதும். தீயில் வாட்டி, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சின்ன வெங்காயம் 15, தக்காளி 1, விரல் நீள இஞ்சி, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் ஒன்றரை, மல்லி 2, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, நல்லெண்ணெய், கல் உப்பு. மிளகாய்த்தூள் வேண்டாம், இந்தச் சூப்பின் காரம் மிளகுக்கே உரியது. பூண்டு மட்டும் மலைப்பூண்டாக இருக்கட்டும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் இந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் தூக்கலாக இருக்கும், ஆறு பல்லே போதும்.

முதலில் கால்களைச் சுத்தம் செய்ய வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். கத்தியை லேசாகச் சாய்த்துப் பிடித்துக் கரியைச் சுரண்டுங்கள். குளம்புப் பிளவுக்குள் ஒட்டியிருக்கும் மயிரையும் விடாமல் எடுங்கள். மஞ்சள்தூளும் உப்பும் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு முறை அலசுங்கள். கடைசித் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கவுச்சி வாடை வருகிறது என்றால் குறை பெரும்பாலும் இங்கேதான்.

மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாக இடித்து, பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். மல்லியைத் தூளாக்குங்கள். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தைத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து லிட்டர் குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, தட்டியவை, தக்காளி என வரிசையாக வதக்குங்கள். கால்களைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டி, மல்லித்தூள், மீதி மஞ்சள்தூள், பாதி மிளகு சீரகம், உப்பு சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஆவி தானாக அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

வெந்ததா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டு அழுத்திப் பிரியுங்கள். பசை தடவியதுபோல் விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரிந்தால் பதம் சரி. தோலிலும் நரம்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து சூப்பில் இறங்கியதற்கு அதுவே அடையாளம். ஒட்டவில்லையா, இன்னும் இருபது நிமிடம் வையுங்கள்.

மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியைக் கரண்டியால் வழித்தெடுங்கள். முழுவதையும் எடுத்தால் மணமும் போய்விடும். மீதி மிளகு சீரகத்தைப் போட்டு ஒரு கொதி, பிறகு கொத்தமல்லி. மூடுபனி ஜன்னலில் ஒட்டும் மாலையில் டம்ளரில் ஊற்றிச் சுடச்சுடக் குடியுங்கள்.

மிச்சம் இருந்தால் ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலையில் அது கூழ்போல் உறைந்து நிற்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் சேர்க்காமல் சிறுதீயில் வைத்தால் தானே இளகும். நன்றாகக் கொதித்ததும் ஒரு சிட்டிகை மிளகு புதிதாக இடித்துப் போடுங்கள்.